கன்னத்தில் வைத்துப் பார்க்கிற சூடு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தம்பி கேட்டு வாங்குகிற கதை. கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறவன். மூக்குக்கண்ணாடியை முகத்துக்குப் பொருத்திக் கொடுப்பது அவன் தொழில். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கரப்பான் என்கிற தோல் அரிப்பு நோய். வருஷக்கணக்காகப் பூசிவந்த ஸ்டீராய்டு களிம்பை, தோல் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் இப்போது விட்டுக்கொண்டிருக்கிறான். விட ஆரம்பித்ததும் தோல் பழிவாங்கக் கிளம்பிவிட்டது. முகம், கழுத்து, புறங்கை எல்லாம் வெந்ததுபோல் சிவந்து, நீர் கசிந்து, காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் என்ன என்று கேட்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

"நீ இத ஒரு கதையா எழுதிடுக்கா. கேக்குறவங்க கையில ஒரு நகல் குடுத்துடுறேன்."

எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒருவர் நிஜமாகவே தேவைப்பட்டுக் கேட்டது இதைத்தான். ஒத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘பாம்பு சட்டை உரிப்பதுபோல ஒவ்வொரு காலையும் அவன்—’

தம்பியிடம் படித்துக் காட்டினேன். பாம்புக்கு உரிந்ததன் அடியில் புதுத்தோல் தயாராக இருக்கும், எனக்கு அடியிலும் இதேதான் இருக்கிறது என்றான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘அரிப்பு என்பது உடல் தன்னோடு நடத்தும் ஓயாத உரையாடல். அதில்—’

இதை நானே அடித்தேன். இப்படி எழுதுகிறவளுக்கு ஒரு நாளாவது முழங்கை மடிப்பில் அரித்திருக்க வேண்டும். அவனோ சொறியக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறான், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்கிற பையனைப் போல.

மூன்றாவது தொடக்கம் கடையில்.

பிளாஸ்டிக் ஃபிரேமை அப்படியே வளைத்தால் ஒடிந்துவிடும். ஹீட்டரின் சூடான காற்றில் கொஞ்சம் காட்டி, இளகியதும் காதுக்குத் தக்கபடி வளைக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு மாட்டுவதற்கு முன் பொருத்துகிறவன் அதைத் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பான். விரல் நுனிகள் இந்த வேலையில் காய்த்துப்போயிருக்கும். அவற்றை நம்ப முடியாது. கன்னம் பொய் சொல்லாது.

என் தம்பியின் கன்னம் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. சும்மா இருக்கும்போதே எரிகிற தோலுக்கு எல்லாச் சூடும் ஒரே சூடுதான். ஒரு நாள் வழக்கம்போல வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நினைத்து ஓர் அம்மாளுக்கு மாட்டினான். அவர் துள்ளி எழுந்தார். காதின் பின்புறம் சிவந்துபோயிற்று. முதலாளி கெட்டவர் இல்லை. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குணமாகும்வரை பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள் என்று இவனை அனுப்பினார்.

(இடையில் ஒரு வார்த்தை. இதை மருந்துச் சீட்டாக யாரும் படிக்க வேண்டாம். சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குப் பூசினால் அந்தக் களிம்பு எத்தனையோ பேருக்கு நல்லது செய்கிறது. நீங்களாக விடவும் வேண்டாம், நீங்களாகப் பூசவும் வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள். கதை எழுதுகிறவளைக் கேட்காதீர்கள்.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே.

முதலில் களிம்பை எழுதிக்கொடுத்த பழைய மருத்துவரை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அவர் எழுதியது கொஞ்ச நாளைக்கு. அதற்கப்புறம் கடையில் கேட்டு வாங்கிப் பூசியது இவன். பூசினால் அடங்கும், நிறுத்தினால் கிளம்பும், மறுபடி பூசுவான், கொஞ்சம் கூடுதலாக. அவனையும் குறை சொல்ல முடியவில்லை. தினமும் அடுத்தவர் முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகிறவன் வேறு என்ன செய்வான்?

அடுத்து தம்பி மனைவி. இந்தப் பாத்திரம் எனக்குத் தோதாகத்தான் இருந்தது (நாத்தனார் எழுதுகிற கதை, கேட்கவா வேண்டும்). களிம்பின் கடைசி டியூபைத் தூக்கி எறியாமல் அலமாரியில் வைத்திருப்பவள் அவள். ‘அவளுக்கு வேண்டியதெல்லாம் ஊர் கண்ணுக்கு நல்லபடியாகத் தெரிகிற ஒரு கணவன், அவள்—’

இந்த வரியை எழுதிய அன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கை விரிப்பை வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். அதில் இருந்தது முழுக்க என் தம்பியின் தோல். உதறிவிட்டு வந்து, அவன் நகங்களை ஒட்ட வெட்டி, ஓரங்களைத் தேய்த்துவிட்டாள். வெட்டும்போது அவன் விரலைப் பிடிக்காமல் நகத்தை மட்டும் பிடிக்கத் தெரிந்துவைத்திருந்தாள். வில்லி தோஷம் கழிந்தது. வரியை அடித்துவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை.

4

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பிக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற வயது. கரும்பலகை தெரியவில்லை என்று பார்த்ததில் கண்ணாடி போட வேண்டும் என்றார்கள். கண்ணாடி தயாராகிக் கடையில் கிடக்கிறது. லென்ஸைத் தேய்த்தது அவன்தான். தோல் ஆறட்டும், மாட்டிவிடுவதும் நானேதான் என்று தள்ளிக்கொண்டே போகிறான். குழந்தைகளின் முதல் கண்ணாடி என்றால் அந்தக் கடையில் இவனைத்தான் கூப்பிடுவார்கள். எதிரில் மண்டியிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே காதில் மாட்டி, குழந்தை திடீரென்று எதிர்ச்சுவரின் எழுத்தைப் படிக்கும்வரை காத்திருப்பான். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவன்.

பிள்ளையை இதற்குமேல் கண் தெரியாமல் உட்காரவைக்க முடியாது, இந்த வாரக் கடைசியில் மாட்டியே ஆக வேண்டும் என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது: இன்று பூச ஆரம்பித்தால் அதற்குள் முகமும் கையும் அடங்கிவிடும், இந்த ஒரு தடவை மட்டும் பூசிக்கொள்ளுங்கள். பூசினால் இதுவரை பட்டதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. மறுபடி முதலிலிருந்து. அவளுக்கும் அது தெரியும். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அவன் எனக்கு ஃபோன் செய்தான். ரொம்ப நேரம் கடையைப் பற்றிப் பேசினான். பிறகு சொன்னான்.

"என் கையப் பாத்தா அவ கைய இழுத்துக்குறாக்கா. முன்னாடி மடிய விட்டு இறங்கமாட்டா. இப்ப பக்கத்துல வந்தா தள்ளி உக்கார்றா. அருவருப்பா இருக்கும்போல."

தோல் போனது போகட்டும். இது தாங்கவில்லை எனக்கு.

5

ஆகவே முடிவுகள்.

முடிவு ஒன்று. பூசிக்கொள்கிறான். முகம் தெளிகிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்து, இதமான சூட்டில் மாட்டிவிடுகிறான். மகள் சுவரில் இருப்பதைப் படிக்கிறாள். அடுத்த மாதம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது.

முடிவு இரண்டு. பூசவில்லை. கடையில் வேறொருவர் மாட்டிவிடுகிறார். இவன் பின்னறைக் கதவின் கண்ணாடி வழியாக, மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு—

(இதைப் படித்தபோது தம்பி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். இந்தப் பக்கத்தை நகலில் சேர்க்க வேண்டாம் என்றான்.)

முடிவு மூன்று. ஒரு காலையில் எழுந்து பார்க்கிறான். தோல் பளிங்குபோல—

இதை அவனே பேனாவை வாங்கி அடித்தான். இதைப் படித்துவிட்டு என்னை மாதிரி எவனாவது நாளை காலை கண்ணாடி முன்னால் போய் நிற்பான், பாவம் என்றான்.

6

முடிவு கிடைக்காததால் பாத்திரத்தையே கேட்டுவிடுவோம் என்று போனேன். பெரியவர்களை எல்லாம் கேட்டாயிற்று. என் மருமகளை, தம்பி மகளைத்தான் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதிய முடிவுகளில் அவளைச் சும்மா நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன், பொம்மை மாதிரி.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து. கண்ணாடியை அப்பா மாட்டிவிடட்டுமா, இல்லை கடையில் வேறு யாராவது மாட்டட்டுமா என்று கேட்டேன். எழுதுவதை நிறுத்தவில்லை.

"வேற யாராவது மாட்டட்டும் அத்தை."

ஏன் என்று கேட்டேன்.

"அப்பா கைல என் காது பட்டா அப்பாவுக்கு வலிக்கும். அன்னிக்கு ரோட்ட தாண்டும்போது கையப் புடிச்சேன். ஒண்ணும் சொல்லல, ஆனா கண்ணு மூடிக்கிட்டாங்க. அதுலேர்ந்து நான் தொடுறதில்ல."

அருவருப்பா இல்லையா என்று நேரடியாகவே கேட்டேன். அந்தச் சொல் அவளுக்குப் புரியவில்லை, விளக்கினேன். "சீ" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அருவருப்பாக இருந்தது என் கேள்விதான்.

பிறகு சூட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது சூடு தெரிவதில்லை, உன் காதைச் சுட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறார் என்றேன். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"என் கன்னத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. சுட்டா நான் சொல்றேன்."

கொஞ்சம் யோசித்து, தான் கையைத் தொடாமல் இருப்பதை அப்பாவிடம் சொல்லக்கூடாது, சொன்னால் வலியை மறைத்துக்கொண்டு பிடிக்கவிடுவார் என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

7

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது எங்கள் தொழிலில் சௌகரியமான தந்திரம். வாசகர் யாரென்று தெரியாததால் கூச்சமில்லாமல் விட்டுவிடுவோம். இந்த முறை அப்படி இல்லை. முதல் நகலை இன்று சாயங்காலம் யார் கையில் கொடுக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் மன்னிக்கவும், நீங்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம்.

தம்பி, ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கை ஆறாம் பகுதியில் மீறிவிட்டேன். அவள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். டியூப் அலமாரியில் இருக்கிறது. தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போ. அதில் தோல்வி ஒன்றும் இல்லை, உன் மனைவி சொன்னதிலும் தப்பில்லை. பூசுவாயோ மாட்டாயோ, அதை நான் எழுதமாட்டேன். அது உன் உடம்பு.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீ எந்த முகத்தோடு போய் எதிரில் மண்டியிட்டாலும் அவள் கன்னத்தைக் காட்டுவாள். நகரமாட்டாள். நகர்ந்தால் உன் கையில் பட்டுவிடுமே என்று.