துணை விமானி சொன்ன மூன்று வாக்கியங்கள்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத் தாளில் பிழை பார்ப்பதுதான் தெராசாவா மியோகோவுக்குச் சோறு போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையை ஆசைக்காகச் செய்வாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் யாராவது தம் கட்டுரையைச் சிறப்புக் கட்டுரையாக ஏற்கும்படி கேட்டால், வரி வரியாகப் போய், ஆதாரம் இல்லாததைப் பிடித்து நிறுத்துவாள். அங்கே எழுதுகிறவர்கள் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மே மாதம் அவள் கைக்கு வந்தது ஒரு விமான விபத்தைப் பற்றிய கட்டுரை. முப்பத்தாறு வருடங்களுக்கு முன், ஜப்பானின் மாட்சுயாமா நகரில் இறங்க வந்த விமானம் மூடுபனியில் தெற்கு மலையில் மோதி, உள்ளே இருந்த அறுபத்தொரு பேரும் இறந்துபோனார்கள். 'வடகாற்று' என்ற புனைபெயரில் ஒருவர் ஆறு வருடமாகத் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தார். சுத்தமான எழுத்து. மியோகோ கமாக்களைத் திருத்தினாள், ஒரு தேதியை மாற்றினாள். ஒரு வரியில் நின்றாள்.

'கடைசி நிமிடங்களில் துணை விமானி நிஷினா எந்த எச்சரிக்கையும் செய்யவில்லை.'

ஆதாரமாக ஒரு பழைய நாளிதழ்ச் செய்தி. 'ஒலிநாடாவைக் கேட்டவர்கள் சொன்னதாக' என்று மட்டும் அதில் இருந்தது. இது போதாது என்று அவளுக்குப் பட்டது. வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாவட்ட நூலகத்துக்குப் போய், விசாரணை அறிக்கையின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கினாள். இணையத்தில் இருந்த பிரதியில் பின்னிணைப்பு இல்லை. அச்சில் இருந்தது. விமானி அறையில் பதிவான பேச்சு, நொடிக் கணக்கோடு.

'கொஞ்சம் கீழே இருக்கோமோன்னு தோணுதுங்க.' இருபது நொடி கழித்து, 'உயரத்தை ஒரு தடவை பாத்துடலாங்களா?' அதற்குக் கேப்டன் உசாமி, 'தெரியும். சும்மா இரு.' இன்னும் பதினோரு நொடி. 'கேப்டன், தூக்குங்க.' அதற்குப் பிறகு தாளில் எதுவும் இல்லை.

நிஷினாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த மரியாதையான சொற்களையே மியோகோ திரும்பத் திரும்பப் படித்தாள். தன் மேலாளரிடம் தானும் இப்படித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

திருத்துகிறவர்கள் விவாதிக்கும், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் இதை எழுதினாள். அன்றே வடகாற்றிடமிருந்து தனிச் செய்தி வந்தது: 'நேரில் பார்க்க முடியுமா?'

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்கு வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். படகுத்துறையில் வேலை பார்க்கிறவர். குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"என் பேர் உசாமி. அந்தக் கேப்டன் எங்கப்பாதாங்க."

மியோகோ கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க இந்தக் கட்டுரையில கையே வெச்சிருக்கக் கூடாது."

"தெரியும். அதான் பேரைச் சொல்லாம எழுதினேன்."

"பின்னிணைப்பைப் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சு நாலு வருஷமாச்சு."

"படிச்சுட்டுமா அந்த வரியை அப்படியே விட்டு வெச்சீங்க?"

"அம்மாவுக்கு எண்பத்தாறு. தினம் காலையில கஞ்சி குடிச்சதும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பாப்பாங்க. அவங்க போற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமேங்க. மிஞ்சிப்போனா ரெண்டு மூணு வருஷம். அப்புறம் நானே மாத்திடுறேன்."

"நிஷினாவோட மனைவிக்கு இப்ப என்ன வயசு?"

அவர் சர்க்கரைக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அறுபது தாண்டியிருக்கும்," என்றாள் மியோகோ. "அவங்களும் காலையில கஞ்சி குடிக்கிறவங்கதான்."

"முதல் வருஷ நினைவுக் கூட்டத்துல நிஷினா படத்தை மட்டும் வைக்க விடலைங்க," என்றார் மெதுவாக. "அந்தம்மா படத்தை மடியில வெச்சுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. எனக்குப் பதினாறு வயசு. அவங்களைத் தாண்டித்தான் உள்ள போனேன்."

மியோகோவுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அவரை மேலும் குத்திப் பேசவும் மனம் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை மாத்திடுவேன். அதுக்குள்ள நீங்களே உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. திரையில பாத்துத் தெரிஞ்சுக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார்.

"அம்மாகிட்ட சொன்னேங்க. நிஷினா எச்சரிச்சிருக்கான்மா, அப்படின்னு மட்டும்தான் சொன்னேன். 'மூணு தடவை'ன்னாங்க அம்மா."

"மூணுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விபத்து நடந்த மூணாவது வாரமே கம்பெனிக்காரங்க அவங்களைக் கூப்பிட்டு நாடாவைப் போட்டுக் காட்டியிருக்காங்க. அன்னிக்கு சாயங்காலம் வாசல்ல பத்திரிகைக்காரர் நின்னாராம். 'அந்தப் பையன் வாயே திறக்கல'ன்னு அம்மாதான் சொல்லியிருக்காங்க. மறுநாள் அச்சாயிடுச்சு. அப்புறம் இல்லைன்னு சொல்ல வாய் வரலயாம்."

"அப்புறம் ஏன் தினமும் அந்தப் பக்கத்தை..."

"அந்த வரி இன்னும் இருக்கா, யாராவது கண்டுபிடிச்சுட்டாங்களான்னு பாக்கத்தான். 'முப்பத்தாறு வருஷமா பயந்துக்கிட்டே இருந்தேன், இன்னிக்குக் கொஞ்சம் தூங்குறேன்'னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. தூங்கல. சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காங்க."

பிறகு அவர் கேட்டார்: "அம்மா சொன்னதையும் கட்டுரையில சேர்க்கலாங்களா?"

"முடியாது. அச்சுல வந்த ஆதாரம் எதுவும் இல்ல."

"பொய்யின்னா அச்சாயிடுது," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மியோகோ அந்த வரியை அழித்தாள். மூன்று வாக்கியங்களையும் கேப்டனின் பதிலையும் நொடிக் கணக்கோடு சேர்த்து, பக்க எண்ணைக் கொடுத்தாள். வேறொரு திருத்துநரை அழைத்து முழுக் கட்டுரையையும் மறுபடி பார்க்கச் சொன்னாள். உசாமி தன் உறவைப் பேச்சுப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஜூலையில் அது சிறப்புக் கட்டுரையாக ஏற்கப்பட்டது. உசாமி அதை அச்செடுத்து, அம்மா கைப்பட எழுதிய கடிதத்தையும் வைத்து, வடக்கே ஹொக்காய்டோ தீவில் இருந்த நிஷினாவின் மனைவிக்கு அனுப்பினார். பதிலாக வந்த அஞ்சலட்டையைப் படமெடுத்து மியோகோவுக்கு அனுப்பியிருந்தார்.

'கிடைத்தது. அவர் சொல்லியிருப்பார் என்பது எனக்கு அன்றே தெரியும். என் மாமனாருக்குத்தான் தெரியாது. மகன்மேல் வெறுப்போடு போய்ச் சேர்ந்தார். இனிமேல் எழுத வேண்டாம்.'

அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த மியோகோ உசாமிக்கு ஏதோ எழுதினாள், அழித்தாள். கடைசியில் 'படித்தேன்' என்று மட்டும் அனுப்பிவிட்டு, மேசைமேல் கிடந்த இருமல் மருந்துத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.