ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவருக்கு வாரத்தில் ஒரே நாள்தான் விடுமுறை. அன்றைக்கும் சும்மா இருக்க மாட்டார். சாப்பிட்ட தட்டுகளை எடுத்ததும் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, இரண்டு மகள்களையும் கூப்பிடுவார். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. கையால் செய்து, கண்ணால் பார்த்ததைத்தான் நோட்டில் எழுத வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

ஒருமுறை முட்டையை வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்தார்கள். தோல் மட்டும் மிஞ்சிய முட்டையைச் சின்னவள் பந்துபோல் உருட்ட, அது அம்மாவின் அலுவலகக் காகிதங்கள் மேல் போய் உடைந்தது. “உங்க விஞ்ஞானத்துக்கு என் வேலைதான் கிடைச்சுதா?” என்று அம்மா கேட்டதை மூத்தவள் ‘விளைவு’ என்று தலைப்பிட்டு அப்படியே எழுதிவைத்தாள்.

மூத்தவளுக்குப் பதினொரு வயது. கேள்வி கேட்டே ஆளைத் துளைத்துவிடுவாள். நிலையத்தில் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பை அவர் கொண்டுவந்த பிறகு வெங்காயத் தோல், தொட்டித் தண்ணீர், பல் அழுக்கு என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிறு, “ரத்தம் பார்க்கலாம்பா” என்றாள்.

முதலில் தன் விரலைக் குத்திக் காட்டினார். பிறகு அவளுடையதை. துளிகளைக் கண்ணாடியில் தடவி, சாயம் விட்டு, கழுவி, உலர்த்தி வைத்ததும் அவள்தான் முதலில் குனிந்தாள்.

“உங்களோடதுல ஊதா கலர்ல அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருந்துச்சு. என்னோடதுல ஒரே கூட்டமா இருக்கேப்பா. நான் ஜெயிச்சுட்டேனா?”

அவர் பார்த்தார். இருபது வருடம் பழகிய கண். ஒரு நொடி போதுமாக இருந்தது. ஒரு மாதமாகப் படியேற அவளுக்கு மூச்சு வாங்கியதும், முழங்காலில் கன்றிப்போய் மறையாமல் கிடந்த நீலமும் அப்போதுதான் அவருக்குள் ஒன்றுசேர்ந்தன.

“சாயம் கெட்டுப்போச்சும்மா” என்றார். அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் புற்றுநோய். ஏழு மாதம் சிகிச்சை. ஒரு மத்தியானம், மனைவி மருந்து வாங்கப் போயிருந்த நேரம், மூத்தவள் படுக்கையிலிருந்து கேட்டாள்.

“அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்மா.”

“அப்போ என்னை ஏன் தப்பா எழுத விட்டீங்க?”

அவர் அவள் போர்வையைச் சரிசெய்தார். அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பரவால்ல. பயந்துட்டீங்க.”

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஞாயிறுகளில் சின்னவள் மேசைப் பக்கம் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைகளின் ரத்தம் வந்தால், உடன் வேலை செய்பவர் எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் அந்த மனிதர் விடுப்பு. ஆறு வயதுக் குழந்தையின் ரத்தம் வந்தது. அவரே பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நம்பிக்கை வராமல் மூன்று தடவை பார்த்தார். பிறகு முடிவை எடுத்துக்கொண்டு தானே வெளியே போய், காத்திருந்த தாயிடம் கொடுத்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கு.”

அந்தப் பெண் பதில் சொல்லவும் மறந்து, தாளோடு ஓடினாள். அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வரிசையில் நின்றவர்கள், பாவம், இவருக்கு ஏதோ மோசமான முடிவு வந்திருக்கிறது என்று நினைத்து, சத்தமில்லாமல் நகர்ந்து இடம்விட்டார்கள்.