கூடத்துக்கு அடியில் கிடந்த வெள்ளம்

வழிபாட்டுக் கூடத்தை விரிவாக்கத் தோண்டிய அஸ்திவாரக் குழியில் என் மனைவி இறங்கினாள். மண்ணடுக்குகளைப் படிப்பது அவள் வேலை. குழிச் சுவரைக் கொத்தனார் கரண்டியால் சீவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் கையை நிறுத்தினாள். கீழே, உடைந்த பானைகளோடு ஒரு பழைய வீட்டுத் தரை. அதன்மேல் இடுப்பளவுக்குக் கலப்பே இல்லாத சாம்பல்நிறச் சேறு. “வெள்ளம்தான்” என்று முணுமுணுத்தாள். அந்தச் சொல் குழியிலிருந்து மேலே ஏறி வருவதற்குள் பிரளயமாகிவிட்டது.

என் மாமனார் அந்தக் கூடத்தில் உரை சொல்பவர். பழைய வெள்ளக் கதையை அவர் சொன்னால் குழந்தைகள் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொள்ளும். தண்ணீர் அவர் குரலிலேயே ஏறும். அப்படிக் காலைத் தூக்கி உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருத்திதான் பிறகு மண்ணைப் படிக்கப் போனாள்.

கூடத்துச் செயலாளர் பேனரே அடித்துவிட்டார்: ‘உலகை மூழ்கடித்த வெள்ளம்! மண்ணே சாட்சி!’ விடுமுறை நாளன்று அவள் எல்லோர் முன்னாலும் பேசவேண்டும் என்று ஏற்பாடு. முந்தின நாள் முழுக்க அவள் பேச்சுக்கான குறிப்பை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள்.

“வெள்ளம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடேன். பொய் இல்லையே” என்றேன்.

“பாதியை நான் சொல்லி, மீதியை அவங்களையே நினைச்சுக்க விடறதும் பொய்தாங்க.”

பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளிடம் நான் தோற்கும் இடம் இதுதான்.

கூட்டம் வாசல்வரை நிரம்பியிருந்தது. சேறு எப்படிப் படிந்தது, அதில் கிடந்த நத்தைகள் ஏன் கடல் நத்தைகளல்ல, ஆற்று நத்தைகள் என்றெல்லாம் அவள் நிதானமாக விளக்கினாள். முடித்ததும் முன்வரிசையிலிருந்து மாமனாரே எழுந்தார். அவருக்குப் பதில் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மகளின் முகத்தைப் படிக்கத் தெரியாதவரா?

“அப்போ நான் சொல்ற கதை நடந்ததாம்மா?”

அவள் மைக்கை இறுகப் பிடித்தாள். “இந்த ஊரு முழுகியிருக்குப்பா. அது நிச்சயம். உலகமே முழுகலை. வேற வேற ஊர்லயும் இப்படிச் சேறு கிடைச்சிருக்கு, ஆனா ஒண்ணுக்கொண்ணு நூத்துக்கணக்கான வருஷம் தள்ளி. ஒரே வெள்ளமா இருக்க முடியாது.”

“அப்பன் சொன்னதைப் பொண்ணே பொய்ங்கறா!” பின்னாலிருந்து ஒரு குரல்.

“பொய்னு நான் சொல்லலை. கதையை முதல்ல சொன்னவங்க இந்த மாதிரி ஒரு தண்ணியைக் கண்ணால பாத்திருக்கலாம். அவங்களுக்கு உலகம்னா அவங்க ஊருதானே. ஆனா அது என் ஊகம். மண்ணு சொல்லாததை நான் சொன்னா, நாளைக்கு நான் சொல்ற எதையும் நீங்க நம்பக் கூடாது.”

செயலாளர் முகம் சுண்டிப்போயிற்று. மாமனார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டது நான். எனக்காக அவ வளைஞ்சு கொடுத்திருந்தா எனக்குத்தான் அவமானம்.” பிறகு செயலாளரைப் பார்த்து, “அந்தப் பேனரைக் கழட்டிடுங்க” என்றார். மகள் மேடையிலிருந்து இறங்கும்வரை அவர் உட்காரவில்லை.

மறுநாள் காலை குழிக்கு வேலைக்குப் போன அவள் எனக்குப் போன் செய்தாள்: “அப்பாவைக் கூட்டிட்டு வாங்க.”

ஏணியில் அவரை ஒவ்வொரு படியாக இறக்கினேன். குழியை அகலப்படுத்தியபோது சேற்றின் மேல்முகம் வெளிப்பட்டிருந்தது. அதில் காலடித் தடங்கள். பெரியது ஒரு ஜோடி, பக்கத்திலேயே சின்னது ஒரு ஜோடி.

“தப்பிச்சவங்களா?” என்று கேட்டார்.

“தெரியலைப்பா. யாரோ, சேறு காயறதுக்குள்ள நடந்திருக்காங்க.”

மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். தடத்தைத் தொடாமல், விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குனிந்து பார்த்தார். சற்றுத் தள்ளி, அதே சேற்றின்மேல், யாரோ புதிதாக எழுப்பிய ஒரு சுவரின் முதல் வரிசைக் கல் மண்ணுக்குள்ளிருந்து தலைகாட்டிக்கொண்டிருந்தது.