நாலு கிலோவாட் கணப்பு

என் அக்கா குன்வோர் விறகுக் கணப்புக் கடைக்குள் நுழைந்ததும் நேராகப் போய், இருப்பதிலேயே பெரிய கணப்பின் தலையில் கையை வைத்துவிட்டாள். மாக்கல் போர்த்திய ஒன்பது கிலோவாட் கணப்பு. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஆட்டுக்கிடாயை நிறுத்தலாம். "இதுதான்" என்றாள். கோட் ஆனாலும் கார் ஆனாலும் அவள் வாங்குகிற விதம் இதுதான். முதலில் கை வைப்பாள், கேள்வியெல்லாம் பிறகு. கணப்பு வரப்போவது அவள் வீட்டு நிலவறைக்கு. அங்கே குடியிருக்கப் போவது நான். விவாகரத்து முடிந்த கையோடு, "கீழ காலியாத்தானே கெடக்கு, வாடி" என்று கூப்பிட்டவள் அவள்தான். நன்றிக்கடன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டின்செட் ஊரின் பனிச்சாலைகளில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். எனக்கும் பிடிவாதத்துக்குக் குறைவில்லை.

கடைக்காரர் கோல்பியோர்ன் வீட்டின் வயதைக் கேட்டார், சுவரைக் கேட்டார். பன்னிரண்டு வருட வீடு, சூடு வெளியேறாதபடி முப்பது சென்டிமீட்டர் கனத்துக்குப் பஞ்சடைத்த சுவர் என்றதும் சிரித்துவிட்டார்.

"அந்த நிலவறைக்கு இதை வெச்சீங்கன்னா, ஜனவரியில சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உக்காரணும். சூடு தாங்காம கணப்புக்குள்ள போற காத்தை அடைப்பீங்க. அடைச்சா விறகு எரியாது, புகையும். கண்ணாடி கறுக்கும், குழாயில தார் புடிக்கும். நாலு கிலோவாட் எடுங்க, அதுவே அதிகம்."

அக்கா அசரவில்லை. "படிக்கட்டுக் கதவைத் திறந்து வெச்சா சூடு மேல வந்துடும்ல?"

"வரும்" என்றார் அவர்.

"கேட்டியாடி தூர்டிஸ்?" என்று வெற்றியோடு என்னைப் பார்த்தாள்.

கேட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் சண்டை போடுவது கணப்புக்காக இல்லை, அந்தப் படிக்கட்டுக் கதவுக்காக. முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த வண்டி ஓட்டினேன். வீட்டுக்கு வந்தால், ஒவ்வொரு அறையிலும் ஒரு டிவியை அலறவிடும் புருஷன். அதற்கு முன்பு அக்காவோடு ஒரே கட்டில். அறுபத்திரண்டு வயதாகிறது, நானாக மூடிக்கொண்ட கதவு என்று ஒன்று என் வாழ்க்கையில் இருந்ததில்லை. எனக்கு அது வேண்டும். கூச்சமே இல்லாமல் வேண்டும். "யோசிச்சிட்டு வர்றோம்" என்று அக்காவை வெளியே இழுத்து வந்தேன். அவள் வழி முழுக்க உர்ரென்று வந்தாள்.

வாயால் சொன்னால் அவளிடம் எடுபடாது. நவம்பரில் குளிர் மைனஸ் இருபத்திரண்டுக்கு இறங்கிய வெள்ளிக்கிழமை, பேருந்துக் கொட்டகையிலிருந்து ஒரு சின்ன மின் ஹீட்டரை இரவல் வாங்கி வந்தேன். ஒரு கிலோவாட், ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். அதை நிலவறையில் ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தை போட்டுப் படுத்தேன். சனிக்கிழமை அங்கேயே உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னினேன், ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சூடுபண்ணிச் சாப்பிட்டேன். அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை. ஒரு கிலோவாட்டிலேயே ஞாயிறு காலை அறையின் வெப்பமானி இருபத்தொன்று காட்டியது.

அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். வெப்பமானியைப் பார்த்தாள், விரலால் சுண்டினாள், மறுபடி பார்த்தாள்.

"கதவை மூடத்தானே உனக்கு இவ்வளவு பாடு?"

"ஆமாக்கா."

"மூஞ்சிக்கு நேரா சொல்றியேடி."

"நீ கேட்டே, சொன்னேன்."

அவள் என் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவள், முழங்காலில் இரண்டு கைகளையும் அடக்கி வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து மேல நான் நடக்குற சத்தம் மட்டுந்தான் கேக்குது. நீ வந்தா கீழேர்ந்து ஏதாவது கேக்கும்னு நெனச்சேன். கரண்டி விழுந்தாக்கூடப் போதும்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு, சரி, கதவு திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே மாதத்தில் அவளை வெறுத்திருப்பேன்.

"நாலு கிலோவாட்தான்கா" என்றேன்.

"என்னமோ பண்ணு" என்று எழுந்து போனாள். கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் கணப்பு வந்தது. கறுப்பு இரும்பு, இடுப்புயரம், கச்சிதம். அன்று மதியமே பிர்ச் விறகை அடுக்கித் தீ வைத்தேன். புகை குழாய்க்குள் போகாமல் என் முகத்தில் வந்து அடித்தது. கண் எரிய, இருமிக்கொண்டே கோல்பியோர்னுக்குப் போன் போட்டேன்.

"மேல சமையலறையில புகை இழுக்குற ஃபேன் ஓடுதா?" என்று கேட்டார். அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "அதான் விஷயம். வீடு அவ்வளவு இறுக்கம். ஃபேன் எங்கேர்ந்தாவது காத்தை இழுத்தாகணும், உங்க குழாய் வழியா இழுக்குது. நீங்க பத்தவெக்கறப்ப அவங்க ஃபேனை நிறுத்தணும்."

"கதவை மூடித்தான வெச்சிருக்கேன்?"

"கதவுக்கு அடியில சந்து இருக்குமே. ஒரே வீடுங்க அது."

மேலே போய்ச் சொன்னேன். அக்கா மீன் கரண்டியும் கையுமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்போ நீ தீ மூட்டணும்னா எங்கிட்ட கேக்கணும்!"

"கேக்குறேன். நீயும் கீழ வந்தா தட்டிட்டு வா."

"பாப்போம்" என்றாள்.

மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. விறகை அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்து, "அக்கா, ஃபேன்!" என்று கத்தினேன். மேலே ஃபேனின் உறுமல் நிற்கவில்லை. குச்சி விரலைச் சுட்டது. இன்னொன்றைக் கிழித்தேன். உறுமல் நின்றது. காலடி சமையலறையைக் கடந்து, படிகளில் இறங்கி, என் கதவுவரை வந்து நின்றது. கைப்பிடி அசையவில்லை. கடைசிப் படியில் அவள் கனமாக உட்காரும் சத்தம் கேட்டது.

"பத்திக்கிச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அவசரமில்ல" என்றாள் கதவுக்கு அந்தப்பக்கம். "மெதுவாவே பத்தட்டும்."

மூன்றாவது குச்சியைக் கணப்பின் வாயருகே பிடித்தேன். சுடர் முதலில் என் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு மெல்ல உள்பக்கமாகத் திரும்பியது.