சில்வர் பெயின்ட்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் நின்றதுதான். வானத்திலிருந்து சம்மனசே இறங்கி வந்து விசில் ஊதினாலும் நகராது. நான் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டிய அந்தச் சனிக்கிழமை பார்த்துத்தான் அப்படி நின்றது. திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் கிடங்கில் அரைநாள் பர்மிஷன் கேட்டு, மேனேஜர் முகத்தைச் சுளித்ததைப் பொறுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து ஏறியிருந்தேன். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அப்படியே கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போலிருந்தது. மதியம் எங்கள் வீட்டுக்கு ஒரு அதிகாரி வருகிறார். என் தம்பி வில்சன் செத்துப்போன ராணுவ விமானத்தைப் பற்றிக் கேட்டு இத்தனை காலமாக நாங்கள்தான் அலைந்தோம். முதல் தடவையாக அவர்கள் எங்களைத் தேடி வருகிறார்கள்.

வில்சன் அந்த விமானத்தில் மெக்கானிக். தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன விமானம் பாதி வழியில் கடலில் விழுந்தது. எங்களுக்கு வந்தது சீல் வைத்த பெட்டி. திறக்க வேண்டாம் என்றார்கள். காசிமேடு கல்லறையில் துப்பாக்கி மரியாதையோடு புதைத்தோம். அதுவரைக்கும் வெறும் துக்கம்தான், அழுதால் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகு விசாரணை முடிவென்று ஒன்று பேப்பரில் வந்தது. விபத்துக்குக் காரணம் பராமரிப்புப் பணியாளரின் கவனக்குறைவு, விமானத்தில் தீ எதுவும் ஏற்படவில்லை. அவ்வளவுதான். முழு அறிக்கையைக் கொடுங்கள் என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்பு கருதித் தர இயலாது என்று பதில். மறுபடி கேட்டால் மறுபடி அதே பதில், தேதி மட்டும் வேறு. என் தம்பியின் பேரைக் கெடுப்பதற்கு மட்டும் நாட்டின் பாதுகாப்பு குறுக்கே வரவில்லை.

கடைசியாக லீவில் வந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட உதவிக்கொண்டே சொன்னான். "அக்கா, அந்த பிளைட்டு ஒயரெல்லாம் எலி கட்ச்சாப்பல கீது. ஒரு நாளு பத்திக்கத்தான் போவுது. எழுதிக் குட்த்தா, இத்தினி நாளு பறந்துகினுதான கீதுன்றாங்க." நான் அப்போது ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆகவே எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது எரிந்து விழுந்ததா, இல்லை வில்சனின் கை தவறி விழுந்ததா? எங்கள் தெரு ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு ரமாபாய் என் அம்மாவிடம், "சரியா பாக்காம உட்டுட்டானாமே உன் புள்ள? கூட போன பசங்க இன்னா பாவம் பண்ணாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அம்மா குழாயடிக்குப் போவதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன நைனாதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

பிறகொரு நாள் ஒரு தகட்டைக் கொண்டுவந்தார் எங்கள் பெரியப்பா மகன் சாலமன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். வலையில் மீனைத் தவிர இரும்பு, பித்தளை என்று எது வந்தாலும் அது படகில் இருக்கிற ஆட்களுக்குச் சொந்தம். கரைக்கு வந்ததும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு எல்லோரும் டீ குடிப்பார்கள். அன்றைக்கு வலையைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒரு அலுமினியத் தகடு. வளைந்து, ஓரமெல்லாம் பிய்ந்து, சிப்பி ஒட்டி. ஒரு பக்கம் சாம்பல் நிறப் பெயின்ட்டும் பாதி எழுத்தும். உள்பக்கம் முழுக்கக் கருப்பு. சாலமன் அண்ணன் அதைக் கடையில் போட விடவில்லை. ஐஸ் பெட்டிக்குள் சங்கரா மீனுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து, சாக்கோடு எங்கள் வாசலில் இறக்கினார். "ஜானட்டு, இது தம்பியோட பிளைட்டுதான். எனக்கு இன்னாமோ அப்டிதான் தோணுது" என்றார். அந்த ஆள் அழுது நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார்.

நான் அந்த உள்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. போனில் படம் எடுத்து, எங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வக்கீலிடம் காட்டினேன். படத்தில் கருப்பு கருப்பாகத்தான் இருக்கிறதம்மா, சேறா கரியா என்று யார் சொல்வது, பொருளை வைத்திருங்கள், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாக்கைச் சுற்றி பரண்மேல் போட்டேன். வீட்டில் இருந்த இரண்டு பேரிடமும் சொன்னேன், யாரும் தொடக் கூடாது என்று. பிறகு ராணுவத் தலைமையகத்துக்கு எழுதினேன், விமானத்தின் ஒரு பாகம் எங்களிடம் இருக்கிறது, அதில் எரிந்த தடம் இருக்கிறது என்று. எத்தனையோ மாதம் வாயைத் திறக்காதவர்கள் அந்த வாரமே போன் செய்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் இறங்கி அம்மாவுக்கு ஒரு புடவைகூட எடுத்தேன், அதிகாரி வரும்போது கட்டிக்கொள்ளட்டும் என்று.

லாரிகள் ஒருவழியாக நகர்ந்தன. நான் தெருவுக்குள் ஓட்டமும் நடையுமாக நுழைந்தபோது மறுநாள் கல்லறைத் திருநாளுக்கான வாசம் தெருவெல்லாம் அடித்தது. சாமந்தி, மெழுகுவத்தி, பெயின்ட். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் கல்லறைச் சிலுவையைத் தேய்த்துக் கழுவி, கடல் காற்றில் பிடித்த துருவைச் சுரண்டி, சில்வர் பெயின்ட் அடிப்பார்கள். அடிக்காத சிலுவையைப் பார்த்தால் கேட்பாரற்ற பிணம் என்பார்கள். நைனாவும் காலையிலேயே போய் வில்சனுடைய சிலுவைக்கு அடித்துவிட்டு வந்திருந்தார். மீதி பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வாசற்படியில் இருந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

நடுவீட்டில் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் அந்தத் தகடு நின்றது. முன்பக்கம், பின்பக்கம், ஓரம், மடிப்பு, ஒரு இடம் விடாமல் சில்வர் பெயின்ட். பளபளவென்று. மேலே சாமந்தி மாலை. பக்கத்தில் வில்சன் யூனிபார்மில் சிரிக்கிற படம். அம்மா புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ம்மா... இன்னாம்மா பண்ணிக்கீற?"

"பரண்மேல சாக்குல கெடந்துச்சு. அதான் எடுத்து கழுவுனேன்."

"தொடாதன்னு சொன்னேன்ல? படிச்சு படிச்சு சொன்னேன்ல?"

"நாளிக்கு திருநாளுடி. ஊர்ல கீற சிலுவையெல்லாம் பளபளன்னு நிக்கும். என் புள்ள மட்டும் கரி பூசிகினு கெடக்கணுமா?"

"சிலுவைக்குதான் நைனா அட்ச்சிட்டாரே!"

"அந்தப் பொட்டியில அவன் இல்ல ஜானட்டு." அம்மா இதைச் சத்தமில்லாமல், சமையலில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். "சீல் வச்சி இன்னாத்த குட்த்தாங்களோ. கடல்லருந்து நம்ம வூட்டுக்கு வந்தது இது ஒண்ணுதான். இதான் வில்சன். ஆபீசரு வர்ற நேரத்துல அவன எப்டி அலங்கோலமா காட்றது?"

நான் மேஜைப் பக்கத்தில் போனேன். தின்னர் போட்டால் பெயின்ட் வரும் என்று ஒரு கணம் மனசில் ஓடியது. பெயின்ட் வரும், கூடவே மிச்சம் மீதி கரி எது இருந்தாலும் அதுவும் வரும். ஓரமாக ஒரு இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பளிச்சென்று சுத்தமான அலுமினியம். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் வாசலில் யாரோ, "ஜானட் மேடம் வீடுங்களா?" என்றார்கள்.

வந்த அதிகாரி அர்ஜுன் என்று பேர் சொன்னார். என் தம்பி வயசுதான் இருக்கும். கார் தெருவுக்குள் வராது என்று முனையில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். ஷூவை வெளியே கழற்றினார். அம்மாவுக்கும் நைனாவுக்கும் கும்பிடு போட்டார். வந்து கத்துவார், மிரட்டுவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று மனசுக்குள் எத்தனையோ வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த ஆள் வில்சன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்லவராக இருக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

பிறகு தகட்டைப் பார்த்தார். ஒரு விரலை வைத்தார். விரலில் சில்வர் ஒட்டியது.

"இது... இப்ப அடிச்சதா?"

"காலீலதான் சார்" என்றாள் அம்மா. "இன்னும் சரியா காயல. பாத்து, சட்டையில பட்டுடப் போவுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கி, திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"கருப்பாதான் தெரியுது மேடம். ஆனா சேறா இருக்கலாம். ஆயிலா இருக்கலாம்."

"கரியா இருக்கக் கூடாதா சார்?"

"இருக்கலாம். பொருள் அப்படியே இருந்திருந்தா லேப்ல சொல்லியிருப்பாங்க. இந்த நிலைமைல சொல்ல முடியாது."

"முடியாதா, மாட்டீங்களா?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது போலிருந்தது. உண்மையிலேயே வந்ததா, நான்தான் தேடிக் கண்டுபிடித்தேனா, எனக்கு இன்றுவரை தெரியாது. வில்சன் எழுதிக் கொடுத்த புகார்கள் எங்கே, அவற்றையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். தன் வேலை இந்தப் பாகத்தைப் பரிசோதிப்பது மட்டும்தான் என்றார். அப்போது புகாரைப் பார்க்கிற வேலை யாருடையது என்றேன். அது தனக்குத் தெரியாது என்றார். அம்மா இடையில் புகுந்து, ஃபேன்டா வாங்கி வைத்திருக்கிறேன், வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடித்துவிட்டுப் பேசுங்கள் என்றாள். குடித்தார். குடித்துவிட்டு, இது அரசாங்கச் சொத்து, எடுத்துப் போக வேண்டும் என்றார்.

"நாளிக்கு கல்லறைக்கு எட்த்துகினு போயி மந்திரிச்சிட்டு வந்துட்றோம் சார்" என்று அம்மா கெஞ்சினாள். "ஃபாதர் கைல சொல்லிக்கீறேன். அப்பால நீங்களே வச்சிக்கோங்க."

"இன்னைக்கே கொண்டு வரணும்னு ஆர்டர்ம்மா."

மாலையை அவரே கழற்றினார், பூ உதிராமல், மெதுவாக. அம்மாவின் கையில் கொடுத்தார். தகட்டை வெள்ளைத் துணியோடு சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசலில் ஷூ மாட்டும்போது என்னிடம் மட்டும், "பெயின்ட் அடிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "ஸாரி மேடம்" என்றார். தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ரமாபாயும் நின்றாள். சட்டையில் சில்வர் ஒட்டியதைக்கூடக் கவனிக்காமல் அவர் முனை திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே வந்து கத்தினேன். இத்தனை காலம் சேர்த்து வைத்ததையெல்லாம், பதில் போடாத ஆபீஸ்களிடம் கத்த வேண்டியதையெல்லாம், அம்மாவிடம் கத்தினேன். வேறு யாரும் என் கைக்குக் கிடைக்கவில்லை. "உட்ரு ஜானட்டு" என்று நைனா சொன்னார். "அவளுக்கு இன்னா தெரியும்?" அம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டாள்.

"நல்லாதான பாத்தாரு? வில்சன் மேல தப்பு இல்லன்னுட்டாரா?"

 அம்மா தானாகவே பேசிக்கொண்டு போனாள். "பாவம், அவருகூட விரல வச்சி பாத்தாரு. அது காலீல இருந்த கோலத்த பாத்திருந்தார்னா பயந்திருப்பாரு. எத்தினி தேச்சேன் தெரியுமா? சோப்பு போட்டா போவல. மண்ணு போட்டா போவல. அட்ப்புல தீஞ்ச சட்டியாட்டம் ஒட்டிகினு இருந்துச்சு. புளி போட்டு, நார வச்சி, கை வலிக்க தேச்சப்புறந்தான் உட்டுச்சு."

நான் பின்பக்கம் ஓடினேன். கழுவுகிற இடம் சுத்தமாக இருந்தது. தேங்காய் நார் எங்கே என்று கேட்டேன். காலையிலேயே மாநகராட்சி குப்பை வண்டி வந்தது, போட்டாச்சே என்றாள். தண்ணீர் போகிற ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு சோற்றுப் பருக்கையும் முடியும்தான் வந்தன. அங்கேயே ஈரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கோயிலில் மணி அடித்தது. அழக்கூட எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா புதுப் புடவையை மாற்றிக்கொண்டு ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலமானால் மறுநாள் பூசைக்காக நகம் வெட்டிக்கொள்வாள், சின்ன வயசிலிருந்து அந்தப் பழக்கம். பேப்பரை விரித்து நகவெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சில்வர். நான் எதிரில் போய் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பத்து நகத்துக்கு அடியிலும், பெயின்ட் போகாத ஆழத்தில், கருப்பாக ஒரு கோடு ஓடியது. சோப்பு போட்டுக் கழுவிய கை. புளி போட்டுத் தேய்த்த கை. அதற்கும் போகாமல் சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி பாக்குற?"

நகவெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"கொஞ்ச நாளைக்கி நகம் வெட்டாதம்மா" என்றேன்.