ஆமினாளின் சம்மதம்

சங்கரன்கோவில் கோபுரத்தில் வெயில் படுவதற்குள் ஆமினாள் நான்கு விசைத்தறிகளை ஓட்டிக்கொண்டிருப்பாள். பஞ்சுத்தூசி மூக்கிலும் இமையிலும் அப்பிக்கொள்ளும். அறுந்த இழையை முடிந்துவிட்டு அடுத்த தறிக்கு ஓடினால், அங்கே இன்னொன்று அறுந்திருக்கும். தண்ணீர் குடிக்கப் போனால்கூட முறைப்பதற்கு ஆள் வைத்திருந்தார் முதலாளி பொன்னுச்சாமி.

தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும். இரும்பு முனை வைத்த மரக்கட்டை அது. தப்பித் தெறித்தால் ஆள்மேல் படாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. இழை முடிய அது இடைஞ்சல், நேரம் வீணாகிறது என்று எல்லாத் தறியிலும் கழற்றிவிட்டார் முதலாளி. பக்கத்துத் தறிக்காரன் வெள்ளத்துரை ஒருநாள் போய்ச் சொன்னான். "பயமா இருந்தா வீட்ல இரு வே" என்றார். இன்னொரு நாள் ஆமினாள் போய்ச் சொன்னாள். அவளுக்கும் அதே அர்ச்சனைதான்.

சித்திரையில் ஒரு காலை, நாடா தெறித்து அவளுடைய இடது கண்ணில் பாய்ந்தது. தூக்கிப்போன இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் தறியை நிறுத்தக் கூடாது என்றார் பொன்னுச்சாமி. தரையில் ரத்தம் காயுமுன்னே அவளுடைய தறிகளில் வேறு ஆள் நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அங்கே அவள் மயங்கிக் கிடந்தபோது, அவள் போன் இங்கே ஷெட்டு வாசல் பெட்டிக்குள் கிடந்தது. தறியோட்டும்போது கையில் போன் கூடாது. வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் எடுத்துச் சொல்லட்டும் என்று, எல்லாரும் போனைத் திறக்கும் விதத்தைக் கணக்கன் லிங்கேஷிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவன்தான் ஓடிவந்து சொல்லுவான். நல்ல பையன். முதலாளி சொன்னால் எதையும் செய்கிற நல்ல பையன்.

கோர்ட்டு, கச்சேரி என்று அலையாமல் இருந்த இடத்திலிருந்தே தகராறைப் பேசித் தீர்க்க ஆன்லைன் சமரசம் வந்திருக்கிறதல்லவா? ஏழைக்கு நல்ல ஏற்பாடுதான். அதில் அவள் பேரில் மனுப் போட்டு, அவள் போனுக்கு வந்த ஓடிபியைத் தட்டி, சம்மதமும் கொடுத்துவிட்டான் லிங்கேஷ். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது இதுதான்: விபத்துக்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு. தறியில் குறை இல்லை. இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது. கண்ணையும் பறித்துப் பழியையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள், பாவிகள்.

பாக்கி ஒன்றுதான். சமரசம் செய்கிற அம்மாள் வீடியோவில் அவளிடம் ஒருமுறை கேட்பார். ஆமா என்றால் வழக்கு முடிந்தது.

"ஆமான்னு சொல்லு. தார்க்குச்சியில நூல் சுத்துற வேல தாரேன், உக்காந்தே பாக்கலாம்" என்றார் பொன்னுச்சாமி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளிடம். "இல்லன்னு சொன்னேன்னு வையி, ஒத்தக் கண்ணிய எவன் ஷெட்டுக்குள்ள விடுவான்? யோசிச்சுக்கோ ஏட்டி."

வீட்டில் அவளை நம்பி இரண்டு பிள்ளைகள். அன்று சாயங்காலம் டீக்கடையில் வெள்ளத்துரையிடம், "ஆமான்னுதான் சொல்லப்போறேன்" என்றாள்.

"சொல்லுக்கா. ஒன்னயக் குத்தம் சொல்லுததுக்கில்ல. நாளைக்கு என் கண்ணு போனாலும் இதத்தான எழுதுவான்? என் போனும் அங்கனதான கெடக்கு."

வெள்ளத்துரை நேரே வீட்டுக்குப் போகாமல், ஷெட்டு ஆட்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தான்.

மறுநாள் ஷெட்டை ஒட்டிய ஆபீஸ் அறையில், லேப்டாப் முன்னால் அவளை உட்காரவைத்து, கூடவே உட்கார்ந்துகொண்டார் முதலாளி. காமிராவைக் கண்டதும் 'ஏட்டி' போய் 'ஆமினாம்மா' வந்துவிட்டது.

திரையில் இருந்த அம்மாள் ஒப்பந்தத்தை வாசித்தார். கவனக்குறைவு என்று கேட்டதும், கட்டுக்குள் கண் இருந்த இடம் ஆமினாளுக்குத் தீயாக எரிந்தது. பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள். அப்படியும் வாய் நிற்கவில்லை.

"நான் சம்மதம் குடுக்கல."

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேட்கலையே" என்றார் அம்மாள்.

"சம்மதம்னு சொல்லுதாங்க மேடம்" என்று சிரித்தார் பொன்னுச்சாமி. "தலைய ஆட்டுங்க ஆமினாம்மா."

அவள் ஆட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளத்துரை தன் தறியை நிறுத்தினான். அவனுக்கு அடுத்தவன் நிறுத்தினான். வரிசையாக எல்லாத் தறியும் நின்றன. ஷெட்டில் அப்படியோர் அமைதியை மின்தடை நாளில்தான் கேட்டிருக்கிறார்கள்.

"நான் குடுக்கல. நான் ஆஸ்பத்திரில கெடந்தேன், போன் இங்கன கெடந்துச்சு" என்றாள் ஆமினாள். இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது.

பொன்னுச்சாமி துள்ளி எழுந்தார். "தறிய நிப்பாட்டுன அம்புட்டுப் பேரும் வெளிய போங்கலே! நாளைக்கு எவனும் வரப்படாது!"

ஒருவரும் வெளியே போகவில்லை. அறைக்குள் வந்தார்கள்.

"சம்மதத்தை நிறுத்திவைக்கிறேன்" என்றார் திரையில் இருந்த அம்மாள். "ஆனா நீங்க சொல்றதை நிரூபிக்கணும். அது லேசில்லை."

"எந்தத் தறியிலயும் கம்பி கெடையாதும்மா. எம் பேரையும் எழுதுங்க" என்று குனிந்தான் வெள்ளத்துரை. எம் பேரையும், எம் பேரையும் என்று குரல்கள். திரையில் இவர்கள் கட்டத்துக்குள் முகங்கள் கொள்ளவில்லை.

"எல்லாரும் சேர்ந்து பேசினா எப்படி? ஒவ்வொருத்தரா வாங்க" என்று அதட்டினார் அம்மாள்.

ஆமினாள் தன் நாற்காலியை நகர்த்திப் பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டாள்.

"ஒவ்வொருத்தராப் போய்ச் சொல்லித்தாம்மா இந்தக் கண்ணு போச்சு."