என் பெயர் வைத்த பெரணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்புச் செய்தது நான்தான். அதற்காக மற்றவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

பத்தொன்பது வருடமாக நான் ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற செடிகளைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, மரச்சட்டங்களுக்கு நடுவில் அடுக்கி, வாரைப் பிடித்து இறுக்கி, சூட்டு அலமாரியில் காயவைப்பேன். பிறகு அட்டையில் ஒட்டி, எங்கே யார் பறித்தது என்று சீட்டு எழுதுவேன். அந்த அட்டைகளைப் பார்த்து எங்கள் இயக்குநர் கட்டுரை எழுதுவார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும்போது அறையின் மின்விசிறிக்குச் சொன்னாலும் சொல்வார், என் பெயர் வராது. சாப்பிடும்போதுகூட லத்தீனில்தான் மெல்லுவார் என்பதால் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை 'லத்தீன்' என்போம்.

என் தம்பி ஏரியில் படகு ஓட்டுகிறவன். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. போன மழை முடிந்த கையோடு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான்.

"அக்கா, இது என்ன எழவுன்னு பாரு. ரெண்டே வாரத்துல படகுத்துறையையே மூடிடுச்சு."

நீரில் மிதக்கும் பெரணி அது. பூவும் கிடையாது, விதையும் கிடையாது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மேலே மிதக்கும். மூன்றாவது இழை இழையாகப் பிரிந்து தண்ணீருக்குள் தொங்கும். பார்க்கிறவர்கள் அதை வேர் என்பார்கள்; இந்தச் செடிக்கு வேரே இல்லை. மிதக்கும் இலையின் மேல் முழுக்க ரோமம், ஒவ்வொரு பொடிக் காம்பின் உச்சியிலும் நாலு நாலாக. இந்தக் குடும்பத்தில் சில இனங்களுக்கு அந்த நாலு ரோமங்களின் நுனிகளும் விரிந்து நிற்கும். சிலவற்றுக்கு நுனிகள் ஒன்றாகச் சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி மாதிரி கூண்டாக இருக்கும். செடியின் பெயரே பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

இந்த மாதிரிச் செடி வந்தால், ரோமம் கலையாமல் இருக்க, ஒன்றை மட்டும் அழுத்தாமல் பச்சையாகவே சாராயப் புட்டியில் போட்டு வைக்க வேண்டும். அது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அன்றைக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. புட்டி எடுக்க மாடிக்குப் போகச் சோம்பல். எல்லாவற்றையும் சட்டத்தில் வைத்து, ஊறுகாய் ஜாடியில் மாங்காயை அழுத்துகிற மாதிரி அழுத்தி, வாரை இறுக்கிவிட்டேன்.

லத்தீன் அந்த அட்டையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இலையின் அளவும் மடிப்பும், உலகம் முழுக்க ஏரிகளை அடைத்துத் தொலைக்கிற கூண்டு ரோமக் களையைப் போலவே இருந்தன. ஆனால் ரோமங்களோ பிரிந்து நின்றன. "இது எங்கேயும் பதிவாகாத இனம்மா!" என்று துள்ளினார். மூன்றே மாதத்தில் கட்டுரை வந்தது. புதிய இனத்துக்கு என் பெயரை லத்தீன் வால் ஒட்டி வைத்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

அடுத்த மாதமே சுற்றுச்சூழல் துறையிலிருந்து கடிதம். உலகத்தில் இந்த ஏரியில் மட்டுமே உள்ள செடி, விசாரணை முடியும்வரை ஓர் இலையைக்கூட யாரும் அகற்றக் கூடாது. அதுவரை தம்பியும் மற்ற படகுக்காரர்களும் தினமும் கையால் வாரிக் கொட்டி ஒரு பாதையைத் திறந்து வைத்திருந்தார்கள். தடை வந்த பத்தே நாளில் பாதை மூடிக்கொண்டது. கோழி நடந்து போகிற அளவுக்குக் கனம். நாற்பது நாள் படகு நகரவில்லை. கீழே மீனெல்லாம் மூச்சுத் திணறிச் செத்து மிதந்தது.

நாற்பத்தோராம் நாள் தம்பி வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கைநிறைய ஈரச் செடியை என் மேசைமேல் சொத்தென்று போட்டான். நான் எழுதி வைத்திருந்த சீட்டுகளெல்லாம் நனைந்தன.

"இந்தா, உன் பேர் வச்ச செடி. நல்லா கொஞ்சு."

"டேய், இது ஆபீஸ்டா..."

"எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். உன்கிட்ட கொண்டு வந்து கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அக்கா ஆச்சே, ஏதாவது வழி சொல்லுவேன்னு வந்தேன். நீ பேர் வாங்கிக்கிட்டே. அடுத்த வியாழக்கிழமை விசாரணையில அது நிரந்தரத் தடை ஆயிடும். படகை உடைச்சு அடுப்பெரிக்கிறேன், போ."

அவன் போய்விட்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்துவதற்கு ஆள் இல்லாததால் அந்தச் செடியிலிருந்து ஓர் இலையைப் பிய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். சும்மாதான் பார்த்தேன்.

அத்தனையும் கூண்டு. ஒன்றுகூடப் பிரிந்தில்லை.

இன்னோர் இலையை எடுத்து, அன்றைக்கு இறுக்கியது போலவே சட்டத்தில் இறுக்கி, சூட்டில் வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நுனிகள் பிய்ந்து விரிந்து கிடந்தன. புதிய இனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் வார் செய்த இனம் அது. தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டு இலைகளையும் எடுத்துக்கொண்டு லத்தீனிடம் போனேன். அவர் ஒன்று மாற்றி ஒன்றாக வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"உயிரோட இருக்கிறப்ப கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான்மா செய்யும்."

"கொஞ்சமா? சார், நாம வச்சது களைக்குப் புதுப் பேரு. ஏரி செத்துக்கிட்டிருக்கு."

"கட்டுரை வந்தாச்சு. ரெண்டு வருஷம் போகட்டும், மெதுவா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். நீங்க ஏன் அவசரப்படறீங்க? அது உங்க பேரும்மா. உங்க பேரை நீங்களே அழிப்பீங்களா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. அவர் அந்தப் பெயரை எனக்குக் கொடுக்கவில்லை, என் வாயில் திணித்து வைத்திருந்தார். அதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று: அவர் கேட்ட அந்த ஒரு நொடி, இரண்டு வருடம்தானே என்று எனக்கும் தோன்றியது.

வியாழக்கிழமை விசாரணை அறையில் நீள மேசை, பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். நடுவில் அதிகாரி அம்மாள். பின்வரிசையில் படகுக்காரர்கள், அவர்களுக்குள் என் முகத்தைப் பார்க்காத என் தம்பி. லத்தீன் அரை மணி நேரம் பேசினார். அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்து நுண்ணோக்கியைக் கொண்டுபோய் அந்த அம்மாளின் முன்னால் வைத்தேன்.

"மேடம், முதல்ல இந்த உயிர் இலை. அப்புறம் இந்த அழுத்தின இலை. ரெண்டும் ஒரே செடியில பறிச்சது."

அவர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "அப்ப இது..."

"சாதாரணக் களை மேடம். புது இனம்னு ஒண்ணு கிடையாது."

லத்தீன் அவசரமாக எழுந்தார். "அப்படின்னா மாதிரியைக் கெடுத்தது யாருன்னு இவங்களையே கேளுங்க. நான் அட்டையை நம்பித்தான் எழுதினேன்."

"நான்தான் கெடுத்தேன்," என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "சோம்பேறித்தனத்துல கெடுத்தேன். போன வாரம் இவர்கிட்ட சொன்னேன். ரெண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருன்னாரு. ரெண்டையும் எழுதிக்கோங்க மேடம். என்னோடதை முதல்ல எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அன்று மாலையே தடை நீங்கியது. காப்பகத்தில் என் வேலைமேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். லத்தீன்மேல் ஒன்றும் இல்லை, அவர் அட்டையை நம்பியவர் அல்லவா!

வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"உன் பேரு போயிடுமா அக்கா?"

"போகாது. ஒரு தடவை அச்சுல வந்துட்டா போகவே போகாது. சரியான பேருக்குக் கீழே சின்ன எழுத்துல போட்டு, இது செல்லாதுன்னு எழுதி வச்சிருப்பாங்க. எப்பவும்."

"பரவாயில்ல விடுக்கா."

"பரவாயில்லன்னு சொல்லாதடா! எனக்கு அப்படி இல்ல. பத்தொன்பது வருஷத்துல ஒண்ணே ஒண்ணுடா."

நடுத்தெருவில் நின்று அழுதேன். அவன் நான் அழுது முடிக்கும்வரை நின்றுவிட்டு, "நாளைக்கு வாரி எடுக்க ஆள் போதாது, வரியா?" என்றான்.

போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் பெயர் வைத்த செடியைக் கைநிறைய அள்ளி அள்ளி, மூச்சு வாங்க வாங்கக் கரையில் எறிந்தேன்.